கம்பெனி பார்ட்டா, கடை பார்ட்டா? அப்பாவின் பழைய காரும் கொல்லிமலை இறக்கமும்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த சொற்களை மட்டும் எடுத்திருக்கிறோம்.)

இந்த வாரம் கோடிங் இல்ல, ஏஐ இல்ல, அப்ரைசல் புலம்பலும் இல்ல. கார் பத்திப் பேசப் போறோம். ஷோரூம்ல இருக்கற கார் இல்ல. ஊர்ல அப்பா "ஓடுற வரைக்கும் ஓடட்டும்"னு வெச்சிருக்காரே, அந்தக் கார்.

உங்கள்ல நிறைய பேர் சென்னையிலயோ பெங்களூர்லயோ உக்காந்துக்கிட்டு, ஊர்ல இருக்கற காருக்கு போன்லயே முடிவு எடுக்கற ஆளுங்க. மெக்கானிக் கூப்பிடுவாரு. "தம்பி, லோயர் ஆர்ம் போச்சுங்க. கம்பெனி ஐட்டம் போட்டா இவ்வளவு, வெளி ஐட்டம் போட்டா அதுல பாதி. எதுங்க போடட்டும்?" நீங்க ஸ்டாண்ட்அப் மீட்டிங் நடுவுல மியூட் போட்டுட்டு, "அண்ணா, நீங்களே பாத்துப் போடுங்க"ன்னு சொல்லிடுவீங்க. அந்த ஒரு வரிக்குள்ள எவ்வளவு விஷயம் இருக்குன்னுதான் இன்னைக்குப் பாக்கப் போறோம்.

மொதல்ல பேர்க் குழப்பத்தைத் தீத்துடலாம். எங்க ஊர் நாமகிரிப்பேட்டை. ராசிபுரத்துக்குப் பக்கம். செவ்வாய்க்கிழமை மஞ்சள் ஏலம் நடக்கும். அங்க போய் "மஞ்சள் என்ன விலை?"ன்னு யாரும் கேக்க மாட்டாங்க. விரலி என்ன விலை, உருண்டை என்ன விலை, பனங்காலி என்ன விலைன்னுதான் கேப்பாங்க. ஒரே நெலத்துல வெளைஞ்சதுதான், ஆனா மூணுக்கும் மூணு விலை. கையில எடுத்துப் பாத்தே பிரிச்சுடுவாங்க.

ஸ்பேர் பார்ட்ஸ்லயும் ரகம் இருக்கு. நாமதான் அதை ஒரிஜினல், ஆஃப்டர்மார்க்கெட்னு ரெண்டே மூட்டையில கட்டிடறோம். உண்மையில குறைஞ்சது அஞ்சு ரகம் தேறும். கார் கம்பெனி பேரு போட்ட பெட்டியில வர்றது ஜெனுவின்: மாருதிக்கு எம்ஜிபி, ஹூண்டாய்க்கு மோபிஸ் மாதிரி. கார் கம்பெனிக்கு அந்தப் பார்ட்டைச் செஞ்சு குடுக்கற சப்ளையர், தன் சொந்தப் பேர்ல தன் பெட்டியில விக்கறது ரெண்டாவது. அந்தக் காருக்கு சப்ளை பண்ணாத, ஆனா நல்ல பேர் இருக்கற கம்பெனி செஞ்சு விக்கறது மூணாவது. அட்டைப்பெட்டியில முகவரிகூட இல்லாத லோக்கல் சரக்கு நாலாவது. அஞ்சாவது டூப்ளிகேட். ஜெனுவின் பெட்டி மாதிரியே அச்சடிச்சு உள்ள எதையோ வெச்சிருப்பாங்க. இது போக புதுப்பேட்டையில கெடைக்கற கழட்டின பார்ட், அது ஒரு தனி உலகம்.

"ஆஃப்டர்மார்க்கெட் போடலாமா?"ன்னு ஒருத்தர் கேட்டா, இதுல எதைக் கேக்கறாருன்னு அவருக்கே தெரியாது. ரெண்டாவது ரகத்தைப் போட்டவரு "சூப்பரா ஓடுது"ம்பாரு. நாலாவது ரகத்தைப் போட்டவரு "ரெண்டே மாசத்துல போச்சு"ம்பாரு. ரெண்டு பேரும் உண்மையத்தான் சொல்றாங்க, ஆனா சொல்றது ஒரே பொருளைப் பத்தி இல்ல.

அந்த ரெண்டாவது ரகத்துல கொஞ்சம் நிக்கலாம். கார் கம்பெனிங்க பெரும்பாலான பார்ட்டைத் தாங்களே செய்யறது இல்ல. டிசைன் இருக்கும், அசெம்பிளி லைன் இருக்கும், பார்ட் வெளிய இருந்து வரும். சென்னையில படி பக்கம் போயிருக்கீங்களா? லூகாஸ் டிவிஎஸ் அங்கதான். ஸ்டார்ட்டர் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் செய்யறாங்க. பிரேக்ஸ் இந்தியாவும் சுந்தரம் பிரேக் லைனிங்ஸும் அந்த வட்டாரம்தான். ரானே பிரேக் லைனிங் அம்பத்தூர். நம்ம ஊர்க் கம்பெனிங்கதான் இந்தியா பூரா ஓடற வண்டிகளுக்கு பிரேக் செஞ்சு அனுப்பறாங்க. அதே ஆளுங்க கடைக்கும் தங்கள் பேர்ல சரக்கு அனுப்பறாங்க.

ஒரே ஃபேக்டரின்னா ஒரே பொருள்தானேன்னு உடனே முடிவு கட்டிடாதீங்க. கார் கம்பெனி ஒரு ஸ்பெக் குடுத்திருக்கும். ரப்பர் எவ்வளவு கடினமா இருக்கணும், ஸ்டீல் என்ன தரம், எவ்வளவு டாலரன்ஸ்னு. கடைக்குப் போறதுக்கு அதே ஸ்பெக்கும் இருக்கலாம், கொஞ்சம் தளர்த்தின ஸ்பெக்கும் இருக்கலாம். வெளிய இருந்து பாத்தாத் தெரியாது. ஆனாலும் அந்தப் பார்ட்டை எப்படிச் செய்யணும்னு தெரிஞ்சவங்க செஞ்சது, கீழ பேரு போட்டு விக்கறாங்க. எனக்கு அது போதும்.

ஒரே பார்ட் வேற வேற பெட்டியில எப்படி வரும்னு பாக்க இந்தியாவுல ஒரு பிரமாதமான உதாரணம் இருக்கு: ஃபியட்டோட 1.3 மல்டிஜெட் டீசல் இன்ஜின். பேரு தெரியலைன்னாலும் சத்தம் தெரியும். ஸ்விஃப்ட் டீசல், டிசையர் டீசல், ரிட்ஸ், எர்டிகா, டாடா விஸ்டா, மான்சா, ஃபியட் புன்டோ, எல்லாத்துலயும் அடிப்படையில அதே இன்ஜின்தான். இந்தியாவோட தேசிய இன்ஜின்னே கிண்டல் பண்ணுவாங்க. 2020ல பிஎஸ் 6 வந்தப்பதான் போச்சு. ஒரே இன்ஜினுக்கு மாருதி பெட்டி, டாடா பெட்டி, ஃபியட் பெட்டின்னு மூணு. ஃபியட் கார் வெச்சிருக்கற ஆளுங்க, ஷோரூம் மூடினப்புறமும் வண்டிய ஓட்டறாங்கன்னா இந்த அறிவும் ஒரு காரணம். எல்லாப் பார்ட்டும் மாறிப் பொருந்தாது, டர்போவே ரெண்டு விதமா வந்துச்சு. ஆனா மெக்கானிக்குக்கு எது பொருந்தும்னு தெரிஞ்சா, "கெடைக்கல"ங்கற வார்த்தையே பாதி குறைஞ்சுடும்.

அப்ப இந்த சப்ளையர் பார்ட் கடையில ஏன் ஈஸியாக் கெடைக்கறது இல்ல? இதுக்குப் பின்னாடி ஒரு பெரிய வழக்கே இருக்கு. 2011ல ஒரு தனி மனுஷர் காம்பெட்டிஷன் கமிஷனுக்குப் புகார் குடுத்தாரு. ஹோண்டா, ஃபோக்ஸ்வாகன், ஃபியட் மூணு பேரும் ஸ்பேர் பார்ட்டை வெளிக் கடைக்கு, வெளி மெக்கானிக்குக்கு விடறது இல்லன்னு. விசாரிக்கப் போனா மத்த கம்பெனிங்களும் வந்து மாட்டுச்சு. 2014 ஆகஸ்ட்ல தீர்ப்பு: 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம். அதுல அம்பாசடர் செஞ்ச ஹிந்துஸ்தான் மோட்டார்ஸும் உண்டு. அந்த வருஷம் மே மாசம்தான் அவங்க அம்பாசடர் செய்யறதையே நிறுத்தியிருந்தாங்க.

கமிஷன் சொன்னதுல எனக்குப் பிடிச்ச பாயிண்ட் இது. கார் வாங்கறப்ப உங்களுக்கு 20 கம்பெனி சாய்ஸ் இருக்கு. வாங்கின பிறகு, அந்தக் காரோட பார்ட்டுக்கு ஒரே ஒரு கடை. அந்தச் சின்ன மார்க்கெட்ல அந்தக் கம்பெனிதான் ராஜா. சப்ளையர் நேரடியா கடைக்கு வித்துடக் கூடாதுன்னு ஒப்பந்தத்துலயே கட்டுப்பாடு வெச்சிருந்தாங்க. அதையெல்லாம் எடுங்க, பார்ட்டையும் சர்வீஸ் தகவலையும் வெளிய கெடைக்கிற மாதிரி பண்ணுங்கன்னு உத்தரவு. கம்பெனிங்க மேல்முறையீட்டுக்குப் போனது தனிக் கதை. 2022 டிசம்பர்ல மத்திய அரசு ரைட் டு ரிப்பேர் போர்ட்டல் ஆரம்பிச்சதும் இந்த வரிசையிலதான். கார், டிராக்டர், போன் எல்லாம் அதுக்குள்ள வருது.

சரி, சொந்தக் கதைக்கு வர்றேன். எங்க வீட்டுக் கார் 2011 ஃபிகோ டீசல். டிஎன் 28. மறைமலை நகர்ல செஞ்சது. 2021 செப்டம்பர்ல ஃபோர்டு இந்தியாவுல கார் செய்யறதை நிறுத்தறோம்னு அறிவிச்சாங்க. 2022ல மறைமலை நகர்ல கடைசி வண்டி இறங்குச்சு. சர்வீஸும் பார்ட்டும் தொடரும்னு சொன்னாங்க, தொடருது. ஆனா நம்ம பாஷையில சொன்னா, இனி புது ஃபீச்சர் வராத, மெயின்டெனன்ஸ் மோடுக்குப் போன லைப்ரரி இது. அப்படி ஒரு லைப்ரரி மேல புரொடக்‌ஷன் ஓடிக்கிட்டு இருந்தா நீங்க என்ன பண்ணுவீங்க? பயந்து மொத்தமாத் தூக்க மாட்டீங்க. எந்த டிபெண்டன்சி உடைஞ்சா ஆபத்துன்னு ஒவ்வொண்ணாப் பாப்பீங்க. நானும் அதைத்தான் செஞ்சேன். அதுக்கு ஒரு காரணமும் இருந்துச்சு.

ஆடி 18. அப்பா, அம்மா, பெரியம்மா மூணு பேரும் கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போயிட்டுத் திரும்பறாங்க. மலைப்பாதையில 70 கொண்டை ஊசி வளைவு. இறங்கறப்ப முன்னாடி ஒரு வேன், மெதுவாப் போகுது, அப்பா பிரேக்ல காலை வெச்சபடியே வர்றாரு. பாதி மலையில, மிதிச்சா பெடல் கல்லு மாதிரி நிக்குது, வண்டி நிக்கல. இன்னும் கொஞ்சம் இறங்கினதும் பெடல் பஞ்சு மாதிரி உள்ள போகுது. அப்பா பதறாம முதல் கியருக்குக் கொண்டு வந்து, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்து, ஒரு வளைவுல ஓரமா நிறுத்திட்டாரு. அரை மணி நேரம் ஆறவிட்டு, முதல் கியர்லயே கீழ வந்து சேர்ந்தாங்க. எனக்கு ராத்திரிதான் சொன்னாங்க. அம்மா சொன்னது: "ஒண்ணுமில்லடா, பிரேக்கு கொஞ்சம் சூடாயிருச்சு."

அப்பா சொன்ன ரெண்டு வரியிலயே முழு பக் ரிப்போர்ட்டும் இருக்கு. பெடல் கெட்டியா இருந்தும் வண்டி நிக்கலைன்னா, பேட் சூடேறி உராய்வு குறைஞ்சுடுச்சு. பெடல் பஞ்சு மாதிரி போனா, பிரேக் ஆயில் கொதிச்சு ஆவியாயிடுச்சு. ஆயில் கொதிச்சா குழாய்க்குள்ள குமிழி. குமிழி அமுங்கும், ஆயில் அமுங்காது. நீங்க மிதிக்கற மிதி எல்லாம் அந்தக் குமிழிய அமுக்கறதுலயே போயிடும்.

மெக்கானிக் கழட்டிப் பாத்தாரு. பேட்ல பேரே இல்ல. நம்பர் இல்ல, சப்ளையர் குறி இல்ல. முன்னாடி வேற எங்கயோ அவசரத்துக்கு மாத்தினது. நம்ம நாலாவது ரகம். பிரேக் ஆயில் காப்பி டிகாக்‌ஷன் நிறத்துல இருந்துச்சு. பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயில் புதுசா இருக்கறப்ப கொதிநிலை குறைஞ்சது 230 டிகிரி இருக்கணும். ஈரம் ஏறின ஆயிலுக்கு அந்த வரம்பு 155 டிகிரிதான். 230க்கும் 155க்கும் நடுவுல எங்க வீட்டு மூணு பேர் இறங்கி வந்திருக்காங்க.

இதுல கவனிங்க, பார்ட் சண்டைக்கே சம்பந்தம் இல்லாத ஆயிலும் குற்றவாளி. உலகத்துலயே விலை அதிகமான ஜெனுவின் பேட் போட்டுட்டு பழைய ஆயிலை விட்டிருந்தா அந்த ரெண்டாவது கட்டம் அப்படியே வந்திருக்கும். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பிரேக் ஆயில் மாத்துங்க. அதுக்கு ஆகற செலவு ஒரு குடும்பம் ஹோட்டல்ல பிரியாணி சாப்பிடற காசுக்குள்ள முடிஞ்சிடும்.

அதுக்கப்புறம் நாங்க வெச்ச கேள்வி விலையப் பத்தி இல்ல. இந்தப் பார்ட் போனா வண்டி நிக்குமா, இல்ல நிக்காமப் போயிடுமா? ஸ்டார்ட்டர் மோட்டார் போனா வண்டி நிக்கும், அவ்வளவுதான். வீட்டு வாசல்லயே நிக்கும். பிரேக் பேட், பிரேக் ஹோஸ், லோயர் ஆர்ம் பால் ஜாயிண்ட், டை ராட் எண்ட், வீல் பேரிங் போனா வண்டி நிக்காது, நம்ம சொல் பேச்சும் கேக்காது. இந்த லிஸ்ட்டுக்கு முதல் ரெண்டு ரகம் மட்டும்தான். ஜெனுவின் கெடைச்சா ஜெனுவின், இல்லைன்னா பேரு தெரிஞ்ச சப்ளையர் பெட்டி. மூணாவது ரகத்துக்கே நான் யோசிப்பேன். நாலாவதுக்கு இங்க இடமே இல்ல. சும்மா குடுத்தாலும் வேண்டாம்.

அடுத்தது, பார்ட் சின்னது ஆனா அதை மாத்த வண்டியவே பிரிக்கணும்ங்கற ஐட்டம். கிளட்ச் அப்படி. கியர்பாக்ஸ் இறக்காம கிளட்ச் மாத்த முடியாது. ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிச்சு மட்டமான பிளேட் போட்டு அது ஆறு மாசத்துல போனா, கூலி இன்னொரு தடவை. இதுல ஜெனுவின் வாங்கறது பாசம் இல்ல, கணக்கு.

எல்லாத்தையும் விட மோசமானது டைமிங் பெல்ட். ஃபிகோவோட 1.4 டீசல் இன்ஜின் பெல்ட்ல ஓடறது. அறுந்தா வால்வும் பிஸ்டனும் மோதும், இன்ஜின் வேலை வந்துடும். ராசிபுரத்து மெக்கானிக் அண்ணன்கிட்ட பெல்ட் விலை கேட்டேன். அவரு, "பெல்ட்டு எவ்வளவுன்னு பாக்காதீங்க தம்பி, அறுந்தா எவ்வளவுன்னு பாருங்க"ன்னாரு. சரிதான்.

இங்க ஒரு நல்ல செய்தி. அந்த இன்ஜின் ஃபோர்டோட தனிச் சொத்து இல்ல. பிரான்ஸ்ல பெஜோ, சிட்ரோயன் கம்பெனியோட சேர்ந்து செஞ்ச குடும்பம் அது. ஐரோப்பாவுல பெஜோ 206, சிட்ரோயன் சி3னு ஏகப்பட்ட வண்டியில ஓடியிருக்கு. அதனால கேட்ஸ், கான்டிடெக் மாதிரி பெல்ட் கம்பெனிங்க இதுக்கு கிட் செய்யறாங்க. கிட்டுன்னு கேளுங்க, பெல்ட்டுன்னு கேக்காதீங்க. பெல்ட், டென்ஷனர், ஐட்லர். வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்லதான் சுத்துது, அதையும் கையோட மாத்திடுங்க. பெல்ட் புதுசு, பம்ப் பேரிங் பழசுன்னா, பம்ப் இறுகறப்ப புது பெல்ட்டையும் சேத்துக் கூட்டிட்டுப் போயிடும்.

மத்ததெல்லாம் வேகமாச் சொல்லிடறேன். வைப்பர், பல்பு, ஹார்ன், ஏர் ஃபில்டர், கேபின் ஃபில்டர், பேட்டரி: நல்ல பேரு இருக்கற ஆஃப்டர்மார்க்கெட் தாராளமா. பேட்டரில எந்தக் கார் கம்பெனி பேரும் வேண்டாம். பம்பர், மிரர் கவர், கதவுக் கைப்பிடி, உள்பக்க பிளாஸ்டிக்: புதுப்பேட்டைக்குப் போங்க. கழட்டின ஒரிஜினல் பம்பர், புதுசா வாங்கற மட்டமான பம்பரை விட ஒழுங்காப் பொருந்தும். ஆனா கழட்டின பிரேக், கழட்டின ஸ்டீயரிங் பார்ட், கழட்டின ஏர்பேக் கூடவே கூடாது. சென்சார்ல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க. மட்டமான சென்சார் ஒரேயடியாச் செத்துட்டா பரவாயில்ல, தப்பு அளவு சொல்லிக்கிட்டே உயிரோட இருக்கும். அதை டீபக் பண்ணவே ரெண்டு நாள் கூலி போயிடும்.

கண்ணாடிக்கு ஒரு இன்சூரன்ஸ் விஷயம். முழு பாலிசியில கிளெயிம் போறப்ப பழைய வண்டிக்குத் தேய்மானம் கழிப்பாங்க. பிளாஸ்டிக், ரப்பர் பார்ட்டுக்கு 50 சதவீதம். 10 வருஷம் தாண்டின வண்டிக்கு இரும்புப் பார்ட்டுக்கும் 50 சதவீதம். கண்ணாடிக்கு மட்டும் தேய்மானம் கிடையாது. அதனால முன் கண்ணாடி உடைஞ்சா நல்லதையே கேட்டு வாங்குங்க. எதை மாட்டினாலும் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கான்னு பாருங்க. வண்டிக் கண்ணாடிக்கும் டயருக்கும் அது கட்டாயம்.

டூப்ளிகேட்டுக்குப் பயந்து பெட்டியில ஹோலோகிராம் பாக்கறதோட நிறுத்திடாதீங்க, அதையும் அச்சடிப்பாங்க. நான் பாக்கறது ரெண்டு. ஒண்ணு, ஜிஎஸ்டி பில். பில்லு தர்றேன்னு சொல்ற கடைக்கு நாளைக்கும் அதே இடத்துல இருக்கணும்ங்கற எண்ணம் இருக்கு. ரெண்டாவது, கழட்டின பழைய பார்ட். மெக்கானிக்கைத் தூக்கிப் போட விடாதீங்க. மண்ணெண்ணெய்ல துடைச்சுப் பாருங்க. பார்ட் நம்பர் இருக்கும், பக்கத்துலயே செஞ்ச சப்ளையரோட பேரோ குறியோ இருக்கும். வண்டியோட முதல் பார்ட்டா இருந்தா அது தங்கம். உங்க காருக்கு அதை யாரு செஞ்சதுன்னு அதுவே சொல்லிடும். அந்தப் பேரைச் சொல்லிக் கடையில கேளுங்க. நான் ஒவ்வொரு பார்ட்டையும் போட்டோ எடுத்து, நம்பர், சப்ளையர், மாத்தின தேதி, கிலோமீட்டர் எல்லாம் ஒரு ஷீட்ல போட்டு வெச்சிருக்கேன். இப்ப மெக்கானிக் போன் பண்ணினா, மீட்டிங்ல மியூட் போட்டுட்டே நம்பரை வாட்ஸ்அப் பண்ணிடறேன்.

எங்க வட்டாரத்துல லாரிக்காரங்க இதை ரொம்ப நாளாச் செய்யறாங்க. நாமக்கல் லாரி பட்டறையில போய் நின்னு பாருங்க. ஒரே வண்டிக்கு பிரேக் லைனிங் ஒரு ரகம், லீஃப் ஸ்பிரிங் ஒரு ரகம், பின்னாடி ரீட்ரெட் டயர், முன்னாடி ஸ்டீயரிங் அச்சுல மட்டும் புது டயர். "ஒரிஜினலா, டூப்பா"ன்னு பொதுவா யாரும் பேசறது இல்ல. எந்த இடத்துக்கு எதுன்னுதான் பேச்சு. காருக்கு வர்றப்பதான் நமக்கு அது கௌரவப் பிரச்சினை ஆயிடுது.

கடைசியா, எவ்வளவு காலத்துக்கு வண்டி வேணும்ங்கறது. எங்க ஃபிகோவுக்கு 2026ல 15 வருஷம் முடியுது. ஆர்சி புதுப்பிக்கணும், எஃப்சி பாக்கணும். முன்னாடி 600 ரூபாயா இருந்த கட்டணம் 2022 ஏப்ரல்ல இருந்து கார்களுக்கு 5,000. அதுக்கு மேல ஆர்டிஓ பரிசோதனையில பாஸ் ஆகற அளவுக்கு வண்டி இருக்கணும். விக்கலாம்னு நான் சொன்னேன். "வித்தா வர்ற காசுல என்ன வாங்குவ?"ன்னு அப்பா கேட்டாரு. அவருக்கு மாசம் ஒரு தடவை அம்மாவைக் கூட்டிட்டு சேலம் ஆஸ்பத்திரி போகணும், ஏலத்துக்குப் போகணும், வருஷத்துக்கு ஒரு தடவை கொல்லிமலை. இன்னும் அஞ்சு வருஷம்னு முடிவு பண்ணோம்.

அஞ்சு வருஷம்னு வெச்சதும் லிஸ்ட் தானா வந்துடுச்சு. முன் பேட், டிஸ்க், பின் ஷூ, ஹோஸ், ஆயில் முழுசா மாத்தியாச்சு. லோயர் ஆர்ம் ரெண்டு பக்கமும் ஜெனுவின். டைமிங் கிட் சப்ளையர் பெட்டி. ஷாக் அப்சார்பர் ரெண்டாவது ரகம்தான், ஜோடியா. ஏசி கம்ப்ரஸர் சத்தம் போடுது, போடட்டும்னு விட்டாச்சு. இடது பக்கப் பம்பர் கீறல் அப்படியே இருக்கு. அது அம்மா ரிவர்ஸ் எடுக்கக் கத்துக்கிட்டப்ப வந்தது, மாத்தக் கூடாதுன்னு ஸ்ட்ரிக்ட் ஆர்டர்.

அடுத்த எபிசோட்ல 15 வருஷம் முடிஞ்ச வண்டிக்கு ஆர்சி புதுப்பிக்கறது எப்படி, எந்தப் பேப்பர் வேணும், எஃப்சியில எதையெல்லாம் பாப்பாங்கன்னு பேசலாம். உங்க வண்டியில கழட்டின பழைய பார்ட் இருந்தா, அதுல இருக்கற நம்பரையும் குறியையும் போட்டோ எடுத்து அனுப்புங்க. யாரு செஞ்சதுன்னு சேர்ந்து கண்டுபிடிப்போம்.